தும்மல், மூக்கடைப்பு: எந்த மருந்து என்ன செய்யும்?

"சளிக்கு நாலு மாத்திரை" என்று கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் தெரியும். போன மார்கழியில் அப்பா அப்படித்தான் வாங்கிப் போட்டார். வயது 71, பிராஸ்டேட் வீக்கம் உண்டு. இரண்டாம் நாள் ராத்திரி சிறுநீர் சொட்டுக்கூட இறங்கவில்லை. அடிவயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. குழாய் போட்டுத்தான் வெளியேற்றினார்கள். டியூட்டி டாக்டர் முதலில் கேட்டதே, "ஐயா, சளி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

அந்தத் துண்டில் இருந்தவை பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின். குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தும். ஃபீனைலெஃப்ரின் அதன் வாயை இறுக்கும். இரண்டும் சேர்ந்தால் பிராஸ்டேட் வீக்கத்தால் ஏற்கெனவே குறுகிய சிறுநீர் வழி அடைபடக்கூடும்.

தும்மலும் அரிப்பும்தான் தொல்லை என்றால் ஒவ்வாமை மாத்திரைகள் மூன்றை ஒப்பிடலாம். குளோர்பெனிரமின் பழையது, மலிவானது. தூக்கம், வாய் உலர்தல், முதியவர்களுக்குக் குழப்பம் எல்லாம் வரும். ஒருவகை கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. செட்டிரிசின் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் தூக்கமே வராது என்று நம்பி வண்டி ஓட்டாதீர்கள், சிலருக்கு நன்றாகவே வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்தினால் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருகிறது என்று 2025இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. மூன்றில் தூக்கம் மிகக் குறைவு ஃபெக்ஸோஃபெனடினில்தான்; ஓட்டுநர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான். விலை சற்றுக் கூடுதல். ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீர்தான் சரி.

அடைப்புக்கு வருவோம். வாய்வழி ஃபீனைலெஃப்ரினை நான் அடியோடு வேண்டாம் என்பேன். மாத்திரையில் இருக்கும் அளவு மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. இந்தியாவிலும் அதே ஆண்டு டிசம்பரில், இது குளோர்பெனிரமினோடு கலந்த மருந்தை நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று உத்தரவு வந்தது. இன்னொரு மூக்கடைப்பு மாத்திரையான சூடோஎஃபெட்ரின் வேலை செய்யும், ஆனால் ரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும்.

சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து ஐந்தாறு நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். அதனால்தான் விட முடியாமல் போகிறது. ஐந்து நாளைத் தாண்டினால், மருந்தின் வேகம் இறங்கும்போது உள்சவ்வு முன்னைவிட வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். தலையணைக்கடியில் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாதவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

நாள்பட்ட ஒவ்வாமை அடைப்புக்கு ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே மெதுவாகத்தான் கேட்கும், முழுப் பலன் தெரியச் சில நாளாவது ஆகும். சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கமாகப் பார்த்து அடித்தால் அது குறையும். உப்புநீர் ஸ்பிரேயில் லேசான எரிச்சலைத் தவிரப் பயப்பட ஒன்றுமில்லை.

சொட்டு மருந்தில் மாட்டிக்கொண்டவர்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு பக்கத் துவாரத்துக்கு மட்டும் முதலில் நிறுத்திப் பார்க்கலாம். அந்தப் பக்கம் தெளிந்த பிறகு அடுத்ததை நிறுத்தினால், இடைப்பட்ட ராத்திரிகளில் ஒரு துவாரத்திலாவது மூச்சு விட்டுத் தூங்கலாம்.