கூகுள் இன்டர்வியூ வார்மப்: மொரிசியஸ் நேர்காணல்களுக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

நேர்காணலுக்குத் தயாராகிறவர்களில் பெரும்பாலோர் பதில்களை எழுதி வைக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. தாளில் ஒழுங்காக இருந்த பதில், எதிரே மூன்று பேர் உட்கார்ந்ததும் பாதியில் நின்றுபோவதற்கு முதல் காரணம் இதுதான். 2022-இல் வந்த, நேர்காணல் கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழக உதவும் கூகுளின் 'இன்டர்வியூ வார்மப்' இணையக் கருவி குறிவைப்பது இந்த ஒரு குறையை மட்டுமே. அந்த அளவில் அது நல்ல கருவி, காசும் கிடையாது. எபேன் சைபர் சிட்டியில் ஆங்கிலத்தில் பேசி ஐ.டி. வேலை வாங்கப் போகிறவருக்கு முதல் வாரப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். பிரெஞ்சில் பேச வேண்டிய கால் சென்டருக்கோ ஓட்டலுக்கோ, அரசுப் பணி ஆணையத்துக்கோ போகிறவர் இதை மட்டும் நம்பினால் பாதி வழிகூட வராது.

கணக்குத் திறக்க வேண்டியதில்லை. உலாவியில் திறந்து துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தரவுப் பகுப்பாய்வு, ஐ.டி. சப்போர்ட், புராஜெக்ட் மேனேஜ்மென்ட், யு.எக்ஸ். டிசைன், சைபர் பாதுகாப்பு, மின்வணிகம், இவற்றில் சேராதவர்களுக்குப் 'பொது'. உடனே ஐந்து கேள்விகள் வரும். உங்கள் பின்னணி, இன்ன சூழலில் என்ன செய்வீர்கள் என்பது, துறை அறிவு ஆகிய மூன்றும் கலந்திருக்கும். மைக்கை அழுத்திப் பேசினால், பேசப் பேசத் திரையில் எழுத்தாகும். தட்டச்சு செய்தும் பதில் தரலாம், ஆனால் அப்படிச் செய்தால் கருவியின் பயனே போய்விடும். பதில் முடிந்ததும் மூன்று விஷயங்களைக் காட்டும்: துறை சார்ந்த சொற்கள் எவை வந்தன, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள், அனுபவம், திறமை, இலக்கு போன்றவற்றில் எதையெல்லாம் தொட்டீர்கள். மதிப்பெண் தராது. பதில்களைச் சேமித்தும் வைக்காது. அதனால் பக்கத்தை மூடுவதற்கு முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றில் உண்மையான பயன் இரண்டாவதில்தான். 'பேசிக்கலி', 'ஆக்சுவலி', 'ஸோ' போன்றவை ஒரே பதிலில் எத்தனை தடவை வந்தன என்று எண்ணிக்கையாகக் கண்ணில் படும்போது, யாரும் எடுத்துச் சொல்லாமலே வாய் திருந்தத் தொடங்கும். 

முதலாவதில் எச்சரிக்கை வேண்டும். துறைச் சொல் வந்தால் கருவி அதைத் தனித்துக் காட்டும், அந்தச் சொல் சரியான இடத்தில் வந்ததா என்று பார்க்காது. ஐ.டி. சப்போர்ட் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'இணையம் வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொல்கிறார், என்ன செய்வீர்கள்?' ரவுட்டர், ஃபயர்வால், டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவது), டி.எச்.சி.பி. (கணினிக்கு ஐ.பி. முகவரி கொடுப்பது) என்று அடுக்கினால் திரை அத்தனையையும் பிடித்துக் காட்டும். எதிரே இருப்பவர் எதிர்பார்ப்பது வரிசையை. அவர் ஒருவருக்கு மட்டுமா, பக்கத்து மேசைக்காரருக்கும் இதே நிலையா என்பது முதல் கேள்வி. பிறகு கேபிள் அல்லது வைஃபை. பிறகு ஐ.பி. முகவரி: 169.254 என்று தொடங்கினால் டி.எச்.சி.பி.யிடமிருந்து முகவரி வரவில்லை என்று பொருள். முகவரி சரியாக இருந்தால் கேட்வேக்கு (வெளி இணையத்துக்கு வாசலான ரவுட்டருக்கு) ஒரு பிங், அதாவது பதில் வருகிறதா என்ற சோதனை; அது போனால் வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8-க்கு ஒரு பிங். அதுவும் போகிறது, ஆனால் தளத்தின் பெயரைப் போட்டால் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். பக்கம் பார்க்க வேண்டும். கடைசியில் அவரிடமே 'இப்போது சரியாக இருக்கிறதா' என்று கேட்டு, டிக்கெட்டில் (புகார்ப் பதிவில்) காரணத்தை எழுதி மூட வேண்டும். இதே சொற்களைத் தலைகீழாகச் சொன்னாலும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது, வேலை கொடுப்பவருக்குத் தெரியும்.

பேச்சை எழுத்தாக்குவது பொதுவாக நன்றாக வரும். ஊர்ப் பெயர், நிறுவனப் பெயர், நம் ஆட்களின் பெயர் வந்தால் தடுமாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சாதாரண ஆங்கிலச் சொற்களே தப்பாக விழுந்தால் இரண்டில் ஒன்று: மைக் தூரமாக இருக்கிறது, அல்லது சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறீர்கள். ஒயர் வைத்த இயர்போனை மாட்டி மறுபடி பேசிப் பாருங்கள். அப்போதும் அதே சொற்கள் தவறினால் உச்சரிப்பைத்தான் கவனிக்க வேண்டும். பிரெஞ்சும் கிரியோலும் நாள் முழுக்கப் பேசுகிறவர்களின் ஆங்கிலத்தில், பயிற்சி வகுப்பை 'ஃபார்மேஷன்' என்பதும் களப்பயிற்சியை 'ஸ்டேஜ்' என்பதும் சகஜம். உள்ளூர்க்காரர் புரிந்துகொள்வார், லண்டனிலிருந்து பேசுகிறவருக்குப் புரியாது. கருவி இதைப் பிழையாகக் காட்டாது, நகலெடுத்த பதிலில் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறையில் ஒரு சின்னக் கட்டுப்பாடு போதும். கருவி உங்களை நேரத்தில் நிறுத்தாது, அதனால் போனில் இரண்டு நிமிட டைமர் வையுங்கள். நிதானமான ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 130 சொல், ஆக ஒரு பதில் 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும். 'ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள்' என்ற வகைக் கேள்வியில் நம்மவர்கள் சூழலை விவரிப்பதிலேயே ஒன்றரை நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சூழலுக்கு 20 விநாடி, உங்கள் பொறுப்புக்கு 10, நீங்கள் செய்ததற்கு 60 முதல் 70, முடிவுக்கு 20 என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'நாங்கள் செய்தோம்' என்று ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்லாதீர்கள், கேட்பவர் தேடுவது 'நான்' செய்ததை. முதல் சுற்றைப் பேசி நகலெடுங்கள், அச்சிட்டுப் பேனாவால் வெட்டுங்கள், மறுநாள் தாளைப் பார்க்காமல் அதே கேள்விக்குப் பேசுங்கள். அன்றே மூன்று சுற்றுப் போனால் மனப்பாடம்தான் வளரும்.

பிரெஞ்சு நேர்காணல்களுக்கு இந்தக் கருவியால் உதவியில்லை, அதற்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டுமே. கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சை குரோமில் திறந்து மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினால், பேசியது எழுத்தாகும் வரையிலான பாதி வேலை நடக்கும். கால் சென்டர் வேலைக்கு அதைவிட முக்கியமானவை வேறு. தொலைபேசி எண்களைப் பிரெஞ்சுக்காரர்கள்போல இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லவும் கேட்டு எழுதவும் வர வேண்டும், எழுபதுகளிலும் தொண்ணூறுகளிலும்தான் பலர் வழுக்குகிறார்கள். மின்னஞ்சல் முகவரியை 'அரோபாஸ்' (@), 'புவேன்' (புள்ளி), 'திரே' (சிறு கோடு) என்று தயங்காமல் எழுத்துக் கூட்டிச் சொல்லப் பழகுங்கள். கோபமான வாடிக்கையாளராக நடித்துக் காட்டும் சோதனையில் முதலில் அவரை முழுக்கப் பேசவிடுங்கள், அவர் சொன்னதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள், பிறகு தீர்வும் எத்தனை நாளில் என்பதும். உடனே மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பிலேயே முடிப்பவர்கள் தோற்கிறார்கள். 'வு' (நீங்கள்) விட்டு 'தூ'வுக்கு (நீ) ஒருமுறைகூட நழுவக் கூடாது. ஓட்டல் வரவேற்பு மேசைக்கும் இதெல்லாம் பொருந்தும், அங்கே ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் சட்டென்று மாறிக் காட்டவும் சொல்வார்கள்.

ஃபாரஸ்ட் சைடில் உள்ள அரசுப் பணி ஆணையத்தின் நேர்காணல் முற்றிலும் வேறு வகை. அங்கே உங்கள் கதையைவிட, பதவியையும் நாட்டையும் பற்றி என்ன தெரியும் என்பது எடுபடும். விளம்பரத்தோடு வந்த பணி விவரத்தில் உள்ள ஒவ்வொரு கடமைக்கும் ஒரு உதாரணம் கையில் இருக்க வேண்டும். அமைச்சகத்தின் இன்றைய பெயர், அதன் கீழ் வரும் துறைகள், நடப்பு வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் துறைக்கான அறிவிப்புகள் ஆகியவற்றைப் படித்துப் போங்கள். நம் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது, எனவே ஜூனோடு முடிந்த ஆண்டின் குறிப்பை ஆகஸ்டில் கொண்டுபோனால் பழையதாகிவிடும். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு வந்த புதிய அரசில் அமைச்சகப் பெயர்கள் சில மாறின. நண்பரிடமிருந்து வாங்கிய பழைய நோட்டை அப்படியே ஒப்பிப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். அழைப்புக் கடிதத்தில் கேட்டிருக்கும் அசல் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் அதே வரிசையில் கோப்பில் வையுங்கள். 1968, 1992 இரண்டிலும் மார்ச் 12 எதற்காக என்ற கேள்விக்குக்கூடத் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாவது சுதந்திரம், இரண்டாவது குடியரசு.

தமிழாசிரியர் பணிக்குப் போகிறவர்கள் மொழியறிவு போதும் என்று நினைக்கக் கூடாது. வீட்டில் கிரியோல் பேசும் ஆறு வயதுக் குழந்தைக்கு 'ழ'வை எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள் என்று கேட்டால், பாட வேளையை நிமிடக் கணக்கில் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்: ஒலியைக் கேட்கவைப்பது எவ்வளவு, சொல்லவைப்பது எவ்வளவு, எழுதவைப்பது எவ்வளவு என்று. இதற்கு வார்மப்பில் எதுவுமே இல்லை. கண்ணாடிக்கு முன் நின்று பாடம் நடத்திப் பார்ப்பதே மேல்.

கருவி கேட்கவே கேட்காத இன்னொரு வகைக் கேள்வி: கல்யாணம் எப்போது, எந்த ஊர், எந்தச் சாதி. 2008-ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டம் திருமண நிலை, சாதி, இனம், பூர்வீகம், வயது முதலியவற்றைக் காரணமாக வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்தக் கேள்வி வந்தால் சண்டைக்குப் போகாமல், 'இந்தப் பணியின் நேரத்துக்கு என்னால் வர முடியுமா என்று கேட்கிறீர்கள் என்றால், முடியும்' என்று வேலைக்கே திருப்பிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி திரையில் தோன்ற, நீங்கள் தனியே பேசிப் பதிவு செய்யும் காணொளி நேர்காணலுக்கு வார்மப் மிக நெருக்கமான பயிற்சி. இரண்டிலும் தலையாட்ட எதிரே ஆள் இல்லை. ஆனால் வார்மப் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் கேமராவைத் தனியாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் கண் மட்டத்தில் இருக்கட்டும், வெளிச்சம் முன்பக்கமிருந்து வரட்டும். நேரலைக் காணொளி என்றால் நேரத்தைக் கவனியுங்கள். இந்தியா நம்மைவிட எப்போதும் ஒன்றரை மணி முன்னால். பிரான்ஸ் குளிர்காலத்தில் மூன்று மணி, கோடையில் இரண்டு மணி பின்னால். அவர்கள் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அந்த வாரங்களில் பாரிஸிலிருந்து அழைப்பு வந்தால், 'மொரிசியஸ் நேரம் இத்தனை மணி' என்று எழுதிப் பதில் அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.