சுங்கை சிப்புட்டில் கடிகாரம் பார்த்துப் பயிற்சி தரும் ஜிம்

சுங்கை சிப்புட் டவுனில், பழைய கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் சின்ன ஜிம்முக்கு நான்கு மாதமாகப் போகிறேன். மாதம் 60 வெள்ளி. ஏர்கோன் கிடையாது, மூன்று காற்றாடிதான், மதியத்தில் போனால் வேர்த்துக் கொட்டும். இருந்தாலும் இந்த ஊரில் காசு கட்டிச் சேர்வதென்றால் இங்கேதான் சேரச் சொல்வேன். காரணம் அங்கிருக்கும் மாஸ்டர்.

இதற்கு முன்னால் வேறோர் இடத்தில் ஒரு வருடம் இருந்தேன். அங்கே உட்கார்ந்தாலே சோம்பேறி என்பார்கள். ஒரு செட் முடிந்த கையோடு அடுத்தது, மூச்சு வாங்கினால் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். என் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 80 கிலோவைத் தாண்டவே இல்லை.

இங்கே முதல் நாள் அதே 80 கிலோவை ஐந்து முறை தூக்கி வைத்ததும், மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "மூணு நிமிஷம் உட்காருங்க தம்பி" என்றார். ஒரு நிமிடத்தில் எழுந்த என்னைத் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். "அப்பா தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்துனவர்தானே? ஒரு குலையைக் கம்பியால குத்தி லோரிக்குள்ள வீச எவ்வளவு நேரம்?" இரண்டு வினாடி இருக்கும் என்றேன். "அப்புறம்?" நாலைந்து குலை வீசினால் லோரி அடுத்த குவியலுக்கு நகரும், அப்பா பின்னாலேயே நடந்து போவார். "அந்த நடையிலதான் அடுத்த குவியலுக்குப் பலம் ஊறுது."

தசை சுருங்க ஏடிபி வேண்டும், அதுதான் தசை நேரடியாகச் செலவழிக்கும் எரிபொருள். தசைக்குள் இருக்கும் கையிருப்பு முழுவேகத்தில் இரண்டு மூன்று வினாடிக்குத்தான் வரும். அது தீரத் தீர, தசையிலேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு சேமிப்பு ஈடுகட்டும், ஆனால் பத்து வினாடிக்குள் அதுவும் பெரும்பாலும் காலி. பாதி நிரம்பவே அரை நிமிடம் ஆகும், ஏறக்குறைய முழுசாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். ஒரு வருடம் நான் பாதிச் சட்டியோடு அடுத்த செட்டுக்குப் போயிருக்கிறேன்!

இன்னொரு நாள் வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் ஜெகதீசன், 200 மீட்டர் என்று எழுதினார் (1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிய மலேசிய ஓட்டக்காரர்). மறுமுனையில் சரவணன், 50 கிலோமீட்டர் நடை. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்து தங்கம் வாங்கினாரே, அவர். முதல் முனையில் ஆக்சிஜனை எதிர்பார்த்து நிற்க நேரமில்லை, சர்க்கரையை அவசரமாக உடைத்தாக வேண்டும், ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு ஏடிபிதான் மிஞ்சும். நிதானமாக ஆக்சிஜனோடு எரித்தால் அதே குளுக்கோஸ் 30-க்கு மேல் தரும், கொழுப்பும் சேர்ந்து எரியும். எல்லா வழியும் முதல் வினாடியிலேயே திறந்துதான் இருக்கின்றன, வேகத்தையும் நேரத்தையும் பொறுத்துப் பங்குதான் மாறுகிறது.

துடுப்பு மெஷினில் 40 வினாடி முழுப் பலத்தோடு இழுத்தால் தொடை தீயாய் எரியும். மறுநாள் வரும் வலியும் அதே லாக்டிக் அமிலம்தான் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். லாக்டேட் (அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் இறங்கிவிடும், இதயம்கூட அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையில் தசை இழைகளுக்கு ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. இதை இதற்கு முன்னால் எந்த மாஸ்டரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது ஸ்குவாட் 95 கிலோ. வாரம் இரண்டு நாள், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 40 நிமிடம் ஓடச் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் திடலில் பந்து விளையாடும்போது இரண்டாம் பாதியிலும் கால் ஓடுகிறது. பவுடர் எதுவும் விற்பதில்லை. தசையில் சுமார் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) தங்கும், அது நிரம்ப வீட்டுச் சோறு போதும் என்கிறார்.

குறை சொல்வதென்றால், ஸ்குவாட் ஸ்டாண்ட் ஒன்றுதான். ஆளுக்கு மூன்று நிமிட ஓய்வு என்பதால் மாலை ஆறு மணிக்கு மேல் வரிசை படிக்கட்டு வரை வந்துவிடும். குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள், அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஐந்து மணிக்கு முன்னால் போங்கள், துண்டு எடுத்துப் போங்கள்.