ஆட்டுக்கிடையிலிருந்து இதய வால்வுக்கு: புருசெல்லாவா, க்யூ காய்ச்சலா?

இதய வால்வில் கிருமி பிடித்தால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள்தான் காரணம். ரத்த கல்ச்சரில், அதாவது ரத்தத்தை லேபில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், பிடிபட்டுவிடும். கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை என்றால், முன்பே எங்கோ ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டாரா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதுவும் இல்லை, ஆள் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் ஆடு வளர்ப்பவர் என்றால் சந்தேகப்பட இரண்டு பேர் உண்டு: புருசெல்லா, அப்புறம் க்யூ காய்ச்சலைத் தரும் காக்ஸியெல்லா. இரண்டுமே கால்நடையிலிருந்து வருபவை. இதயத்துக்குப் போவது அபூர்வம்தான். போனால் சில சமயம் மகாதமனி எனும் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவரையும் அரித்துப் புடைக்க வைக்கும்.

புருசெல்லா வருவது பச்சைப்பாலில். மதுரையில் காய்ச்சாத பாலை யார் குடிக்கிறார்கள் என்று கேட்கலாம். சரிதான், ஜிகர்தண்டாவுக்கே மணிக்கணக்கில் சுண்டவிடும் ஊர் இது. ஆனால் குட்டி வீசிய, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்த ஆட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்துப் போடுபவருக்கு விரல் வெடிப்பே போதும். மாடுகளில் இதைத்தான் கன்று வீச்சு நோய் என்கிறோம். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரு தடுப்பூசி உண்டு.

காக்ஸியெல்லாவுக்குத் தொடக்கூட வேண்டாம். ஆடு ஈன்ற இடத்தில் சிந்திய பனிக்குட நீர் காய்ந்து புழுதியோடு பறக்கும்; மூச்சில் போனால் போதும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4000-க்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் பதிவானது. அதில் பலர் ஆட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். வயலில் கிடை போட்டு, ஈனும் ஆடுகளுக்கு நடுவிலேயே படுத்தெழும் கீதாரிகளை நினைத்துப் பாருங்கள். மாட்டின் இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் பழக்கமும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நாய் இழுக்காது, உண்மை. ஆழமாகப் புதைத்தாலும் இழுக்காதே!

புருசெல்லா சத்தம் போட்டுக்கொண்டு வரும்: விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. சிக்கல் என்னவென்றால், இதையே டிபி என்று நினைத்துவிடலாம். டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் புருசெல்லாவையும் ஓரளவு அடக்கும் என்பதால், குணமாவது போலக் காட்டி மறுபடி காய்ச்சல் வரும். இது கல்ச்சரில் மெதுவாகத்தான் வளரும். லேபில் இருப்பவருக்கே தொற்றக்கூடியது என்பதால் சந்தேகத்தை அங்கே முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டில் எனக்கு அதிகப் பயம் காக்ஸியெல்லா மீதுதான். செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமி, சாதாரணக் கல்ச்சரில் வளரவே வளராது. காய்ச்சல் லேசாக இருக்கும், இல்லாமலும் போகும். எக்கோ எனும் இதய ஸ்கேனில் வால்வின் மேல் கிருமிக்கட்டி தெரியாமலே இருக்கலாம். ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சலில் பழுதான வால்வு, செயற்கை வால்வு, புடைத்த தமனி, இவைதான் அதற்குப் பிடித்த இடம். மூச்சு வாங்குவதையும் எடை குறைவதையும் 'பழைய வால்வு வியாதிதானே' என்று மாதக்கணக்கில் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தப் பரிசோதனையை டாக்டர் எழுத வேண்டுமானால், வீட்டில் ஆடு இருக்கிறது, போன மாதம் குட்டி வீசியது என்று அவர் காதில் விழ வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வைத்தியத்தில் புருசெல்லா முரடு. டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின், கூடவே ஜென்டாமைசின் ஊசி என்று பல மாதம் போகும். பலருக்கு வால்வை மாற்றும் அறுவை சிகிச்சையும் தேவைப்படும். காக்ஸியெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் குறைந்தது 18 மாதம், செயற்கை வால்வு என்றால் 24. இதில் டாக்ஸிசைக்ளின் தோலை வெயிலில் எளிதில் கன்ற வைக்கும். ஆடு மேய்ப்பவருக்கு வெயிலில் நிற்காதே என்று எப்படிச் சொல்வது? முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும்தான் வழி. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நாள்பட்டால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். அதற்குக் கண் பரிசோதனை வேண்டும். அந்த விஷயத்தில் மதுரைக்குக் குறைவில்லை.