விண்கல ஒளிர்வு: கேமராவா, ஒளிமானியா?

தாழ்ந்த சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் விண்கலத்தின் முன்முகத்தில் மங்கலான செந்நிற ஒளி படர்கிறது. அதை அளக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது கேமரா. 1982 மார்ச்சில் கொலம்பியா விண்ணோடத்தின் மூன்றாவது பயணத்தில், வால்பகுதியை ஒட்டிப் படிந்த ஒளியை வீரர்கள் நீண்ட நேரத் திறப்பில் படமெடுத்தனர். அங்குள்ள மிக மெல்லிய காற்றை எதிர்கொள்ளும் பரப்பில்தான் ஒளி, மறைவில் இருள் என்பதைப் படமே காட்டிவிட்டது. எந்த எண்ணும் இவ்வளவு தெளிவாகப் பேசாது. அடுத்த பயணங்களில் லென்சுக்கு முன், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி பொருத்தி நிறமாலையும் எடுத்தார்கள். உச்சம் சுமார் 680 நானோமீட்டரில் அமைந்தது. பரப்பில் ஒட்டிய நைட்ரிக் ஆக்சைடு, மோதும் ஆக்சிஜன் அணுவோடு சேர்ந்து கிளர்வுற்ற (ஆற்றல் மிகுந்த) நைட்ரஜன் டை ஆக்சைடாகி ஒளிர்கிறது என்ற விளக்கத்துக்கு இது வலுச் சேர்த்தது. ஆனால் ஒளியை ஒடுக்கி அனுப்பும் குறுகிய பிளவு இல்லாத கீற்றணியில், ஒளிப்படலத்தின் தடிமனே நிறங்களை ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது.

இரண்டாவது ஒளிமானி. அதற்கு உருவம் தெரியாது. குறிப்பிட்ட அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று மட்டும் சொல்லும். 1970களின் அட்மாஸ்பியர் எக்ஸ்ப்ளோரர் செயற்கைக்கோள்களில் அதுவே பெரும்பலமானது. பார்வைத் திசை மாற மாற ஒளி ஏறி இறங்கியதையும், உயரம் கூடக் குறைந்ததையும் அது பதிவுசெய்தது. வளிமண்டலத்தின் இயல்பான ஒளிர்வைக் கழிக்கவும் இத்தகைய அளவே உதவும்.

தொலைநோக்கியைச் சுமந்து செல்லும் கலத்தில், பார்வையில் எவ்வளவு ஒளிர்வு கலக்கிறது என்று அறிய நான் ஒளிமானியையே தேர்வேன். எந்தப் பூச்சு அதிகம் ஒளிர்கிறது என்று மாதிரித் தகடுகளை அருகருகே வைத்துப் பார்க்க, கேமராவே சரி.