வருங்காலத் தேவைக்கென்று ரவுட்டர் வாங்கப் போய் 4,600 ரூபாய் இழந்தேன்: கோவை நண்பர்கள் கவனத்துக்கு

இன்று காலை ரவுட்டர் பெட்டியை மேசையின்மேல் வைத்து, அதன் முகப்பில் இருந்த வெள்ளி நிற ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தேன். 'வைஃபை 6, ஜிகாபிட்' என்று பளபளத்த அந்த ஸ்டிக்கருக்கு அடியில், பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்த 'ஏசி1200' என்ற எழுத்துகள், அதாவது முந்தைய தலைமுறையான வைஃபை 5ஐக் குறிப்பவை, தெரிந்தன. பக்கவாட்டில் விலையின்மேல் ஒட்டியிருந்த இன்னொரு ஸ்டிக்கரையும் உரித்தேன். அதிகபட்ச சில்லறை விலை 2,299 ரூபாய் என்றிருந்தது. நான் கொடுத்தது 4,600 ரூபாய். என் கை இன்னும் நடுங்குகிறது. இந்த ஆத்திரம் ஆறுவதற்குள் நடந்ததை எழுதிவிட்டு, வருங்காலத் தேவையை மனத்தில் வைத்து வீட்டுக்கு ரவுட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மாடியுடன் கூடிய பழைய கான்கிரீட் வீடு. ஃபைபர் இணைப்பு கீழ் ஹாலில் முடிகிறது. இணைய நிறுவனம் கொடுத்த கருவியின் வைஃபை மாடி அறையை எட்டுவதில்லை. மகன் மாடியில் அமர்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சென்ற மாதம் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) வேகத் திட்டத்துக்கு மாறினோம். வரும் தை மாதத்துக்குள் வாசலிலும் பின்கட்டிலும் நான்கு கேமராக்கள் பொருத்தவும் எண்ணியிருந்தோம். இன்று வீட்டில் இணையத்தில் இருப்பவை 11 கருவிகள், இரண்டு ஆண்டில் அவை 20 ஆகும் என்று நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்கெழுதி, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடை எதுவென்று சொல்லப் போவதில்லை. நகருக்குள் இருக்கும் நடுத்தரமான ஒரு கணினிப் பொருள் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டுகளாகப் பிரிண்டருக்கு மை அங்கேதான் வாங்குகிறேன். உரிமையாளர் என் தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "இந்த மாதிரி எழுதிட்டு வர்றவங்களைப் பார்க்கிறதே அபூர்வம்ங்க சார்" என்றார். பிறகு உள்ளே போய் இந்தப் பெட்டியை எடுத்துவந்து, என் எதிரிலேயே துணியால் துடைத்து, "இதை வாங்கிப் போட்டுட்டீங்கன்னா அஞ்சு வருசத்துக்கு வேற ரவுட்டரே வேண்டாம்ங்க, இது 5ஜி ரவுட்டர்" என்றார். அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் ஏமாந்தேன். என் தாளை அவ்வளவு மதித்துப் படித்த மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன். அவர் 5ஜி என்றது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே என்பதும், கைப்பேசியின் 5ஜிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

பில் கேட்டபோது, ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம், அதாவது 828 ரூபாய் கூடும் என்றார். 'ரவுட்டர் 1 – 4,600' என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு, அவருடைய சொந்தப் பெயரில் இருந்த கணக்குக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பினேன். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 828 ரூபாய் ஆசையைக் காட்டியதே, பிறகு நான் எங்கும் முறையிட முடியாமல் செய்வதற்காகத்தான் என்பதை இப்போது உணர்கிறேன்.

வீட்டில் பொருத்திய அன்றிலிருந்தே வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. ரவுட்டரை ஒட்டி நின்று சோதித்தாலும் 94, நள்ளிரவில் சோதித்தாலும் 94. நான்காம் நாள் இணைய நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளரான இளைஞர் ஒருவர் வந்தார். தன் மடிக்கணினியை ஃபைபர் கருவியில் நேரடியாகச் செருகியதும் 300 வந்தது. எங்கள் ரவுட்டர் வழியாகச் செருகியதும் 94க்கு இறங்கியது. அவர் ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் இருந்த மாதிரி எண்ணை இணையத்தில் தேடி என்னிடம் காட்டினார். அதிலுள்ள போர்ட்டுகள், அதாவது கம்பி செருகும் துளைகள், அனைத்தும் 10/100 வகை. அதாவது, வெளியிலிருந்து கம்பி வழியாக எவ்வளவு வேகம் வந்தாலும் அந்த வாசலில் 100க்கு மேல் நுழையாது, கழிவு போக 94தான் மிஞ்சும். பெட்டியில் உள்ள 1200 என்பதும் ஒரே வேகம் அன்று, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300ஐயும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. வைஃபை 6 என்பது அதில் அறவே இல்லை. அது வைஃபை 5 கருவி. 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டும் வீட்டில், 4,600 ரூபாய் கொடுத்து அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும் கருவியை வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தேன். "ரெண்டு நாள் ஓடட்டும்ங்க, செட் ஆயிடும்" என்றார். இரண்டு நாள் கழித்து, குறை இணைய நிறுவனத்தில்தான் என்றார். அவர்கள் பணியாளர் சோதித்துக் காட்டியதைச் சொன்னதும், முதலாளி ஊரில் இல்லை என்று பதில் வந்தது. பேசியவரே முதலாளி என்பது அந்தக் குரலைக் கேட்ட எனக்குத் தெரியாதா? நேரில் போனபோது, சீல் பிரித்த பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்றும், வேண்டுமானால் 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு 6,500 ரூபாய்க்கு வேறொன்று தருவதாகவும் சொன்னார். எஸ்டிமேட் சீட்டைக் காட்டினேன். அதில் வைஃபை 6 என்றோ ஜிகாபிட் என்றோ எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில், பில் இல்லாததால் உத்தரவாதத்தைத் தயாரிப்புத் தேதியிலிருந்தே கணக்கிட முடியும் என்றும், அப்படிப் பார்த்தால் அது ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றும் கூறினர். நேற்றிலிருந்து கடைக்காரரின் வாட்ஸ்அப்பில் அவருடைய படமும் தெரிவதில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது இயலவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முகப்பில் உள்ள பெரிய எண்ணை நம்பாமல், வான் போர்ட் (வெளியிலிருந்து இணையக் கம்பி வந்து செருகும் துளை) 10/100/1000 வகையா, அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை நுழையவிடும் ஜிகாபிட் போர்ட்டா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே மாதிரி எண்ணைக் கைப்பேசியில் தேடிப் பாருங்கள். உங்கள் திட்டம் இன்று 100 எம்பிபிஎஸ்ஸாக இருந்தாலும் ஜிகாபிட் போர்ட் இல்லாததை வாங்காதீர்கள். வைஃபையில் பிறர் நுழையாமல் காக்கும் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கடையிலேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதிரி எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் போவேன். உரிப்பதற்கு முன் எடுத்த படங்களும், யுபிஐ ரசீதும் இருக்கின்றன. உரித்த இரண்டு ஸ்டிக்கர்களையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு மகனை அழைத்துக்கொண்டு, அந்தத் தாளுடன் மறுபடியும் கடைக்குப் போகிறேன். என் 4,600 ரூபாய் எனக்கு வேண்டும்.