கே க்ரூஸ் புக்கிங் என்று ₹3,86,000 வாங்கி ஏமாற்றிவிட்டார்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். எனக்கும் என் துணைக்கும் சேர்த்து, ஏதென்ஸிலிருந்து கிளம்பும் ஒரு வார ‘கே க்ரூஸ்’, அதாவது ஆண்களை விரும்பும் ஆண்களுக்கான கப்பல் பயணத்துக்குக் கட்டிய பணம். அப்படி ஒரு புக்கிங்கே கிடையாது. பணம் வாங்கியவர் நேற்று இரவு எங்கள் இருவர் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் இன்று காலையிலும் புதுக் கப்பலுக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. படம் பகிரும் செயலி ஒன்றில் ‘நம்மவர்களுக்கான’ சுற்றுலா என்று பக்கம் நடத்துகிறவர். தமிழில் நன்றாகப் பேசுவார்.

இந்தக் கப்பல்கள் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுத்து நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் டிக்கெட் விற்கும். 1986-இல் ஆர்.எஸ்.வி.பி. என்ற அமெரிக்க நிறுவனம் இப்படி முதல் கப்பலை விட்டது. பெண்களை விரும்பும் பெண்களுக்காக ஒலிவியா 1990-இல் ஆரம்பித்தது; அது அதற்கு முன் பெண்களே நடத்திய இசைத்தட்டு நிறுவனம். அட்லாண்டிஸ் என்ற நிறுவனம் இன்று ஐயாயிரம் பேருக்கு மேல் ஏறும் கப்பலையே மொத்தமாக எடுக்கிறது. இதையெல்லாம் எனக்கு முதலில் விவரமாகச் சொன்னது அந்த ஆள்தான். ஒரு வார்த்தை தப்பில்லை, நான் சரிபார்த்தேன். உண்மையான கப்பல், உண்மையான தேதி, உண்மையான துறைமுகங்கள். டிக்கெட் மட்டும்தான் பொய்.

2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் சட்டம் எங்களைக் குற்றவாளிகள் என்று சொல்வதில்லை. ஆனால் எங்கள் வாடகை வீட்டு ஓனருக்கு நாங்கள் இன்னும் பெரியம்மா பையன், சித்தி பையன்தான். ஊருக்குப் போனால் தனித்தனிப் பாய். சாப்பாட்டு மேசையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் இடத்தில் ஒரு வாரம் இருக்க வேண்டும் என்று நாங்கள் பல வருஷமாகச் சேர்த்த பணம் அது.

நம்பிய இடம் எதுவென்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். வீடியோ அழைப்பில் கேபின் வகைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சாதாரணமாகக் கேட்டார்: “தம்பி, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கட்டிலாப் போட்டுடலாம்ல? பிரிச்சுப் போடச் சொல்ல மாட்டீங்களே?” ஹோட்டல் வரவேற்பறையில் “ட்வின் பெட்தானே சார்” என்று எங்கள் முகத்தைப் பார்க்காமலே முடிவு செய்வார்கள், அல்லது பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர் அப்படிக் கேட்டதும் என் துணையின் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டோம். அந்த ஒரு கேள்விக்குத்தான் ₹3,86,000.

விலை மலிவு என்றும் சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவன் பாதி விலைக்குத் தருவான் என்று நினைக்காதீர்கள். இவர் சந்தை விலையைத்தான் சொன்னார். முன்பணம் ஒரு லட்சம், மீதி பின்னால். கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். “கம்பெனி கணக்குல போட்டா உங்க ஸ்டேட்மென்ட்ல கே க்ரூஸ்னு விழும் தம்பி. வீட்டுல யாராவது பார்த்தா? நான் நிறைய பேரைப் பாத்துட்டேன், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.” நம் பயத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்கும் இந்திய நிறுவனம் டி.சி.எஸ். (விற்கும்போதே வாங்குபவரிடம் பிடிக்கும் வரி) பிடித்தாக வேண்டும், அது நம் பான் கணக்கில் தெரியும். இவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரசீது என்று ஒரு பி.டி.எஃப்., அதில் புக்கிங் எண், கேபின் எண், கப்பலின் படம்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. விசாவுக்குக் கடிதம் கேட்டால் “அடுத்த வாரம்”. அந்தக் கப்பல் கிரீஸின் தீவுகளான மைக்கோனோஸ், சாண்டோரினி போய்விட்டு நடுவில் துருக்கியின் குஷாடாசியைத் தொடும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டமைப்பில் துருக்கி இல்லை. திரும்ப கிரீஸுக்குள் வர பலமுறை நுழையும் விசா வேண்டும். கப்பல் டிக்கெட் விற்பவர் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது. விசா மையத்தில் கேட்டுத்தான் எங்களுக்கே தெரிந்தது. அவரிடம் சொன்னால், “அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி, ஏன் டென்ஷன்?” பிறகு அவருக்குக் காய்ச்சல். பிறகு ஐரோப்பாவில் விடுமுறை. பிறகு நீல டிக் மட்டும், பதில் இல்லை.

கடைசியில் ஒரு குரல் செய்தி: “துருக்கிக்காரன் நம்ம கப்பலுக்கு அனுமதி தரலை. பயணமே ரத்து. பணம் தொண்ணூறு நாள்ல திரும்ப வரும்.”

இதைக் கேட்டு எனக்குச் சந்தேகமே வரவில்லை, துக்கம்தான் வந்தது. ஏனென்றால் இது நடந்திருக்கிறது. 1998-இல் கரீபியன் கடலில் இருக்கும் கேமன் தீவுகள் ஒரு கே கப்பலை உள்ளே விடவில்லை. 2000-இல் இதே குஷாடாசியில் பயணிகளைத் திருப்பி அனுப்பினார்கள். 2012-இல் இன்னொரு கரீபியன் தீவான டொமினிகாவில் அப்படி ஒரு கப்பலில் வந்த இரண்டு அமெரிக்கர்களைக் கைது செய்தார்கள். நம்மை அவமானப்படுத்திய இந்தச் சம்பவங்களை எடுத்து, அந்த ஆள் தன் திருட்டுக்குச் சாக்காக வைத்துக்கொண்டார். என்னால் தாங்கவே முடியாதது இதுதான். ஒரு துறைமுகம் மறுத்தால் கப்பல் அந்த ஊரை விட்டுவிட்டு வேறு பக்கம் போகும், பயணம் ரத்தாகாது என்று என் துணைதான் சொன்னான். அவனே பயணத்தை நடத்தும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த முகவரிக்கு எங்கள் புக்கிங் எண்ணை அனுப்பிக் கேட்டான். மறுநாளே பதில்: பயணம் ரத்தாகவில்லை. இந்த எண்ணில் புக்கிங் இல்லை. இப்படி ஒரு முகவர் எங்களிடம் பதிவு செய்யவில்லை.

அந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பினேன். ‘அண்ணா’வின் பதிலில் ஒரு வரிதான் இருந்தது: “போலீஸ்ல என்னன்னு சொல்லுவீங்க? உங்க ஆபீஸ்ல தெரியுமா?” அதோடு பிளாக்.

இதுதான் அவர் தொழில். கப்பல் விற்பது இல்லை, நாம் வாய் திறக்க மாட்டோம் என்பதை வைத்துச் சம்பாதிப்பது. எத்தனை பேர் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அடங்கிப் போயிருப்பார்களோ.

நாங்கள் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்தோம். சைபர் பிரிவுக்கும் போனோம். ₹3,86,000 என்றதும் தலை நிமிர்ந்த அதிகாரி, “ரெண்டு பேரும் என்ன உறவு?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, “சேர்ந்து வாழறோம் சார்” என்று சொல்லிவிட்டான். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, “நண்பர்கள்னு போட்டுக்கறேன்” என்று எழுதினார். கிண்டல் இல்லை, கேவலமான பேச்சு இல்லை. புகாரை எடுத்துக்கொண்டார். வங்கியோ, “நீங்களேதான அனுப்பியிருக்கீங்க சார், நாங்க திருப்ப முடியாது” என்று கையை விரித்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்தை நடத்தும் நிறுவனத்துக்கு நீங்களே எழுதி, முகவர் பதிவு பெற்றவரா, புக்கிங் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணம் கட்டியதுமே கேளுங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரகசியம் காக்கிறேன் என்று யாராவது அதற்குக் காரணம் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், பிறகு தகராறு எழுப்பவாவது வழி இருக்கும். பணம் போனது தெரிந்த உடனே 1930, ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். எதற்கு, யாரோடு போனோம் என்று எல்லாவற்றையும் அங்கே விளக்க வேண்டியதில்லை. சுற்றுலா பேக்கேஜ் மோசடி என்று சொன்னால் போதும்.

இதே ஆளிடம் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கணக்கு என்றால் அதையும் சேர்த்து வெள்ளிக்கிழமை மறுபடி சைபர் பிரிவுக்குப் போகிறோம்.