கில்ட்டுக்கு எந்தத் தொப்பி? எடின்பரோவில் வாங்கிய இரண்டு தொப்பிகளைப் பற்றி

ஸ்காட்லாந்தில் ஆண்கள் அணியும் கட்டம் போட்ட, பாவாடை போன்ற கில்ட்டைத் தைத்துக்கொள்பவர்கள் துணியின் கட்டங்களையும் பின்புறக் கொசுவங்களையும் முன்னால் தொங்கும் ஸ்போரன் பையையும் மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொப்பியை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் கைக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். திருமணங்களுக்கு வாடகைக்குத் தரும் உடைகளோடு பெரும்பாலும் தொப்பியே வருவதில்லை. மண்டபத்துக்குள் நடக்கும் மாலை விருந்துக்கு பிரின்ஸ் சார்லி என்னும் குட்டைக் கோட்டோடு போகிறவருக்கு அது ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் உள்ளே நுழைந்ததும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதே அங்கே மரியாதை. ஆனால் ட்வீட் என்னும் தடித்த கம்பளித் துணியில் தைத்த கோட்டு அணிந்து, திறந்த வெளியில் நடக்கும், ஸ்காட்லாந்து மலைப்பகுதியான ஹைலேண்டின் மரபு விளையாட்டு விழாவுக்குப் போகும்போது, தலையில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்த உடை பாதியிலேயே நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

நான் முதலில் வாங்கியது ராயல் மைல் தெருவில், சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு நினைவுப்பொருள் கடையில். அக்ரிலிக் நூலில் செய்து, கில்ட்டின் கட்டத்தையே மேலேயும் போட்ட தொப்பி அது. அரை மணி நேரத் தூறலில் தண்ணீரைக் குடித்துக் கனத்து, காதுகளின் மேல் தொங்கிவிட்டது. காய்ந்த பிறகும் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. கில்ட்டும் தொப்பியும் ஒரே கட்டத்தில் இருப்பது பொருத்தம் என்று நான் நினைத்ததும் பிழை. தொப்பி பொருந்த வேண்டியது கோட்டோடு. கில்ட்டின் நிறங்களில் அடங்கிய ஒன்றை அது எடுத்துக்கொண்டால் போதும். கருநீலமும் கரும்பச்சையும் கில்ட்டுக்கான டார்டன் என்னும் கட்டத்துணிகளில் ஏறக்குறைய எல்லாவற்றோடும் ஒத்துப்போகின்றன.

இரண்டாவது முறை, பக்கத்துத் தெருவில் கில்ட் தைக்கும் ஒரு சிறிய கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் நாடாவை எடுத்து, புருவத்துக்கு மேலே நெற்றியைச் சுற்றி இரண்டு முறை அளந்தார். அதன் பிறகே அலமாரியைத் திறந்தார். அவர் எடுத்து வைத்தவற்றில் கருநீலப் பால்மொரலை நான் வாங்கினேன். இதுவரை நான் தலையில் வைத்தவற்றில் இதைவிட நல்ல தொப்பி இல்லை. பால்மொரல் என்பது வட்டமான, தட்டையான கம்பளித் தொப்பி. உச்சியில் டூரி எனப்படும் சிவப்புக் குஞ்சம், பின்னால் இரண்டு ரிப்பன்கள். மலைப்பகுதியான ஹைலேண்ட், தாழ்நிலமான லோலேண்ட் இரண்டிலும் உழவர்களும் கைவினைஞர்களும் அணிந்த பழைய நீலத் தொப்பியின் வழிவந்தது இது. அந்தத் தொப்பிகளை, ஐர்ஷயரின் கில்மார்னக், ஸ்டூவர்ட்டன் போன்ற ஊர்களில், தேவையான அளவைவிட மிகப் பெரிதாகப் பின்னி, பிறகு நீரில் அடித்துத் துவைத்துச் சுருக்குவார்கள். இழைகள் ஒன்றோடொன்று இறுகிவிடுவதால் மழை எளிதில் உள்ளே இறங்காது. என் தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு கண்ணிகூடத் தெரியவில்லை, விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பித் தன் இடத்துக்கு வந்தது. வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் சோதனை இதுதான். கடைக்காரர் அதை நீராவியில் காட்டி, வலப்பக்கம் தாழ்ந்து வரும்படி கையாலேயே மடித்துக் கொடுத்தார். தொப்பியில் வைக்கும் சின்னம் இடப்பக்கத்தில், கண்ணுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். பின் ரிப்பனை இறுக்கியும் தளர்த்தியும் கட்டலாம் என்பதால், அளவில் ஒரு விரற்கடை கூடக்குறைய இருந்தாலும் சமாளிக்க முடிகிறது.

கிளென்கேரி என்னும் இன்னொரு வகைத் தொப்பியில் அந்தச் சலுகை கிடையாது. படகைப் போல நீண்டு, நடுவில் மடிந்த விறைப்பான தொப்பி அது. அளவு சற்றுப் பிசகினாலும் நெற்றியில் தடம் பதியும், அல்லது காற்றில் பறக்கும். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்த காலத்தை ஒட்டி, கிளென்கேரி குலத்தலைவர் அலெக்சாண்டர் ரனால்ட்சன் மக்டொனல் இதைப் பரப்பினார் என்பார்கள். பிறகு படைப்பிரிவுகளும், பைப் என்னும் காற்றுப்பை இசைக்கருவி வாசிக்கும் இசைக்குழுக்களும் எடுத்துக்கொண்டன. அதனால் இதை அணிந்தவரைப் பார்த்ததும், அவர் பைப் வாசிப்பவரோ என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. விளிம்பைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக ஓடும் கட்டப்பட்டை சில படைப்பிரிவுகளின் அடையாளம்; வெறுமனே அழகுக்காக அதை வாங்குவதை நான் தவிர்ப்பேன். 1930-களில் கிளாஸ்கோ காவல்துறைத் தலைவர் பெர்சி சிலிட்டோ தம் காவலர்களின் தொப்பிக்கு எடுத்துக்கொண்ட கட்டப்பட்டை இதிலிருந்து பிறந்ததே. ஆனாலும் கிளென்கேரிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: கழற்றியதும் தட்டையாக மடிந்து ஸ்போரனுக்குள் போய்விடும். விழாவிலிருந்து விருந்துக்குப் போகிறவருக்கு இது உண்மையாகவே உதவும்.

டாம் ஓ ஷான்டர் என்னும் மூன்றாவது வகைத் தொப்பி பெரிய, தொளதொளப்பான உச்சி கொண்டது. குளிர்கால நடைக்கு இதமானது. தைத்த கோட்டோடு எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னத்தில் கவனம் மிகவும் தேவை. பக்கிள் வைத்த வார்ப்பட்டைக்குள் அமைந்த குலச்சின்னம் அந்தக் குலத்தைச் சேர்ந்தவர்களுக்கு உரியது. கழுகிறகு மூன்று என்றால் குலத்தலைவர், இரண்டு என்றால் கிளைத்தலைவர், ஒன்று என்றால் தனக்கெனக் குலமரபுச் சின்னம் பெற்றவர். இவற்றை விருப்பப்படி செருகிக்கொள்வது அங்குள்ளவர்களைப் புண்படுத்தும். சின்னத்துக்குப் பின்னால் வரும் ரிப்பன் பூவும் வெள்ளையாக இருந்தால் பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த யாக்கோபைட் கிளர்ச்சியை நினைவூட்டும், அதனால் கறுப்பே போதும். எந்தக் குலத்தையும் சேராத என்னைப் போன்றவர்கள் நெருஞ்சியை ஒத்த திசில் பூச்சின்னம் வைத்துக்கொள்ளலாம். என் பால்மொரலில் கடைக்காரர் தைத்துக் கொடுத்தது அதுதான்; தைத்ததற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.